முதல் ஹாரன்

ஆட்டம் முடிந்து சைரன் ஊதியபோது பந்து ஹெகார்ட்டியின் கையில் இருந்தது.

எங்கள் ஊர்க் கால்பந்தில், சைரனுக்கு முன்பே பந்தைக் கையில் பிடித்துவிட்டவன் ஊதிய பிறகும் உதைக்கலாம். நாங்கள் மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். கோல் போனால் அவர்களுக்கு ஆறு. போகாவிட்டால் எங்கள் ஊர் மெரிங்கா இறுதிச் சுற்றுக்குப் போகும். பயிற்சியாளர் வேலையும் ப்ரெட்டிடம் தங்கும்.

ப்ரெட் என் மகன்.

ஹெகார்ட்டி பதினெட்டு வருடம் எங்களுக்காக ஆடியவன். அவன் முழங்கால் வலித்தால் மறுநாள் மழை. ஊரே அந்த முழங்காலைக் கேட்டுத்தான் கோதுமை விதைத்தது. ஒருமுறை அவன் உதைத்த பந்து மேகத்துக்குள் போய் நனைந்து திரும்பி வந்தது. நடுவர் அதைத் துடைத்துவிட்டுத்தான் கோல் கொடுத்தார்.

அவனைத்தான் இந்த வருடம் ப்ரெட், கால் போய்விட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டான். பக்கத்து ஊர் டண்டூலா மறுநாளே சேர்த்துக்கொண்டது.

அன்றிலிருந்து ஊர் ப்ரெட்டோடு சரியில்லை. கேன்டீன் மாக்ஸின் அவனுக்கு மட்டும் ஆறிப்போன சிப்ஸ் கொடுத்தாள். முடிவெட்டுபவர் அவனைப் பாதித் தலையோடு உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார், செவ்வாய்க்கிழமைதான் திரும்பினார்.

நாங்கள் ஆட்டம் பார்ப்பது வண்டிக்குள் இருந்துதான். மைதானத்தைச் சுற்றி வரிசையாக நிறுத்திக்கொள்வோம். நம்மவன் கோல் போட்டால் ஹாரன்.

என் வண்டியில் பக்கத்து இருக்கை ஸ்மோக்கிக்கு. மனிதர்களை அங்கே உட்கார விட்டதில்லை. ஹெகார்ட்டி கோல் போட்டால் அந்த நாய் தாவி, முன்னங்காலை ஹாரனில் வைத்துவிடும். மற்றவர்கள் போட்டால் கொட்டாவி விடும்.

ஹெகார்ட்டி காலுறையை ஏற்றிவிட்டான். வானம் வெளுத்திருந்தது. முழங்கால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

“டேய் ஹெகார்ட்டி! அந்த முட்டிய வெச்சுக்கிட்டு பஸ்ல கூட ஏற முடியாதுடா!” என்று மாக்ஸின் கத்தினாள். கத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றாள்.

ஓடி வந்தான். உதைத்தான்.

பந்து கம்பங்களுக்கு நட்டநடுவே போனது. கோல் நடுவர் இரண்டு வெள்ளைக் கொடிகளையும் அசைத்தார்.

ஒரு சத்தம் இல்லை.

அப்புறம் என் வண்டியிலிருந்து ஒரு ஹாரன்.

அடுத்து மாக்ஸின் புருஷனின் வண்டி. அடுத்து பால் லாரி. பிறகு மைதானம் முழுக்க. தோற்ற ஊர் அடித்த அடியில் யூகலிப்டஸ் மரங்களில் இருந்த வெள்ளைக் கிளிகள் எழுந்து போயின. இன்னும் திரும்பவில்லை.

ஹெகார்ட்டி டண்டூலா சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு நின்றான்.

ப்ரெட் மைதானத்தைக் கடந்து நேராக என் வண்டிக்கு வந்தான்.

“யாருப்பா மொதல்ல அடிச்சது?”

“ஸ்மோக்கிதான். யாரு எந்தச் சட்டை போட்டிருக்கான்னு நாய்க்கு என்னடா தெரியும்?”

அவன் பக்கத்து இருக்கையைப் பார்த்தான். அதில் ஒட்டியிருந்த ரோமத்தைத் தட்டிவிட்டு, ஏறி உட்கார்ந்தான்.

போன கிறிஸ்துமஸ் வெயிலில், கொட்டகைக்குப் பின்னால் ஸ்மோக்கிக்குக் குழி வெட்டியது அவனும் ஹெகார்ட்டியும்தான்.