லைனில் குறை இல்லை

ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதை அக்கா எடுத்த வீடியோ இணையத்தில் ஏறாமல் காலையிலிருந்து நான்கு சதவீதத்திலேயே நிற்கிறது. லைனைப் பார்க்க வந்த நெட் கம்பெனிக்காரர் எங்கள் பூனையை வீடியோ எடுத்து, அதே மடிக்கணினியிலிருந்து ஏற்றுகிறார். கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. மறுபடி அக்காவுடையதை அழுத்துகிறார். நான்கு. மோடத்தின் பச்சை விளக்கு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மினுக்குகிறது. அவர் எழுந்து ஜன்னலைச் சாத்துகிறார். ‘லைனில் குறை இல்லை’ என்று அச்சடித்த தாளை நீட்டுகிறார். “போகவே இல்லையே, எப்படிக் கையெழுத்துப் போடறது?” என்கிறாள் அக்கா. “போட்டுடுங்கம்மா,” அவர் குரல் தாழ்கிறது. “குறை இருக்குன்னு எழுதினா, அடுத்து வர்றவங்க லைனைப் பாக்க வர மாட்டாங்க.”