வீட்டைச் சுற்றி ஒரு கோடு

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளைச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. அன்று அவள் வீட்டைச் சுற்றியே ஒரு வட்டம் விழுந்திருந்தது. உட்புறம் சின்னச் சின்னப் பற்கள். பல் வைத்த வட்டம் என்றால் பள்ளம் என்று பொருள். அழித்தாள். மறுநாள் அச்சாகி வந்த தாளில் அதே வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். இரண்டையும் அழித்தாள், அடுத்த தாளில் மூன்று. அவளுக்கு வெறுத்தே போய்விட்டது.

இடத்தை அளந்து வந்த கொழுந்தனைப் பிடித்துக் காய்ச்சினாள்.

“என்னத்தப்பா அளந்த?”

“நம்ம வீட்டுத் தரை கேரம்போர்டு மாதிரி இருக்கு அண்ணி. பள்ளம் எங்கிருந்து வரும்?”

“அப்ப நான்தான் லூசா?”

எரிச்சலோடு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். கூடம் இருட்டாக இருந்தது. செருப்பைக் கழற்றி உதறினாள்.

“வந்துட்டியா? பாத்து எறங்கு” என்றான் கணவன்.

குரல் வெகு ஆழத்திலிருந்து வந்தது.