குருசடி வரைக்கும்

"இஞ்ச பாருங்க, அந்த போனைப் புடுங்கி அடுப்புல போடுங்க! பிள்ளைக்க உயிர விடவா பெரிசு ஒரு வெளையாட்டு?"

தேங்காய் துருவிக்கொண்டே கத்தினாள் செல்லத்தாய். கணவன் குமாரதாஸ் காதில் விழாதவன் போல வாசலைப் பார்த்தான். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் ரேஷ்மி முற்றத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"குருசடி வரைக்கும்தாம்மா. அங்கதான் பந்து கிட்டும். பந்து இல்லாம எப்பிடி ஜந்துவப் பிடிக்க?"

அந்த வருஷம் ஊர்ப் பிள்ளைகளை ஆட்டி வைத்த விளையாட்டு அது. போனைக் கையில் பிடித்து நடந்தால் வழியில் திரைக்குள் ஏதாவது ஒரு ஜந்து வந்து குதிக்கும். பந்தை எறிந்து அதைப் பிடிக்க வேண்டும். பந்து கிடைப்பதற்கென்று கோயில், சர்ச், சிலை என ஊருக்கு ஊர் இடங்கள் உண்டு. இவர்கள் தெருவுக்கு வாய்த்தது, முக்கில் ஆளுயரத்துக்குச் சிலுவை வைத்த சின்னக் கோயிலாக நிற்கும் அந்தோணியார் குருசடி. இல்லாவிட்டால் அய்யாவழிக் குடும்பத்துப் பிள்ளைக்கு அங்கே என்ன ஜோலி?

"அரை மணிக்கூர்தான் மக்களே. ரோட்டைக் கடக்கப்பிடாது. நிமிந்து பாத்து நடக்கணும். யாரு பேரு கேட்டாலும் சொல்லப்பிடாது," என்றான் குமாரதாஸ்.

"செரிப்பா."

வீட்டில் இருந்ததே ஒரு போன். அதை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். அவள் தலை மறைந்ததுதான் தாமதம், செல்லத்தாய் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல அப்பன்! திற்பரப்பு அருவிக்குப் போற வேன் பூரா இந்த ரோட்டுலதான் பறக்குது. சுந்தர்சிங்குக்க மவன் இதே வெளையாட்டுல தல குனிஞ்சு நடந்துதான் சானல் தண்ணியில விழுந்தான். ஸ்கூல்லயும் எழுதிக் குடுத்து விட்டிருக்காவ. பிள்ள எங்க நிக்குதுன்னு கண்டவனுக்கெல்லாம் அது காட்டிக் குடுக்குமாம்!"

"எனக்கு மட்டும் பயமில்லன்னா நெனச்ச? தோட்டத்துல ரப்பர் பால் வெட்டும்போதும் எனக்கு அதே நெனப்புதான்."

"பின்ன எதுக்கு விடுதிய?"

குமாரதாஸ் குரலைத் தாழ்த்தினான். "அவ வெளிய போற இந்த அரை மணிக்கூர்லதான நாம ஒன் காரியத்தப் பேச முடியுது?"

செல்லத்தாயின் கை நின்றது.

நெஞ்சில் ஒரு கட்டி. இரண்டு வாரத்துக்கு முன்னால் திருவனந்தபுரம் போய்ச் சதை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். மகளிடம் சொன்னது, கல்யாண வீட்டுக்குப் போவதாக. அம்மைக்குத் தலைவலி என்றாலே சோறு இறங்காமல் கட்டிலடியில் உட்கார்ந்துவிடுகிற பிள்ளை அது. இருப்பதும் அந்த ஒன்றுதான். அதன் காதில் இது விழலாமா?

"ஆஸ்பத்திரியில இருந்து மெசேஜ் வந்துட்டு," என்றான். "வெள்ளிக்கிழமை ரிசல்ட்டாம். ரெண்டு பேரும் போணும்."

"அதுவா இருந்தா?"

"இருக்காது."

"இருந்தா? நான் இல்லாத காலத்துல எம்பிள்ள இப்பிடி போனும் கையுமா ரோட்டுல..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள். குமாரதாஸுக்கும் கண் நிறைந்துவிட்டது. இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே அழுதார்கள்.

பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு அவள்தான் சொன்னாள். "இன்னிக்கு ஒரு நாளு அவ பின்னால போங்க. அந்த வெளையாட்டு கொள்ளாமா கொள்ளாதான்னு உங்க கண்ணால பாத்துட்டு வாங்க. கொள்ளாதுன்னா இன்னியோட நிறுத்திரணும்."

அதுவும் நியாயம்தான். முகத்தைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

தூரத்திலேயே தெரிந்தாள். குருசடிப் படியில் தலையைக் குனிந்தபடி நின்றிருந்தாள். அருவிக்குப் போகும் வேன் ஒன்று காதைப் பிளக்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் போனது. அட, இந்தப் பெண் தலையைத் தூக்க வேண்டுமே! ஊகூம். அசையவில்லை.

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. 'செல்லத்தாய் சொன்னதுதான் சரி. வண்டி ஏறினாக்கூட தெரியாது இதுக்கு. இன்னியோட முடிஞ்சுது இந்த வெளையாட்டு.' போனைப் பிடுங்கிவிடும் முடிவோடு விறுவிறுவென்று நடந்து அவள் பின்னால் போய் நின்றான்.

பிடுங்குவதற்கு அவள் கையில் போன் இல்லை. அது படியில் கவிழ்ந்து கிடந்தது. கையில் இருந்தது ஒரு மெழுகுவர்த்தி. காற்றில் அணையாமல் மறு கையால் பொத்திக்கொண்டு, அப்பா வந்தது தெரியாமல் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்தோணியாரே, காணாமப் போனத நீங்க கண்டுபிடிச்சுக் குடுப்பீங்கன்னு எங்க கிளாஸ் ஜெனிலா சொன்னா. எங்க அம்மைக்கு ஒரு கட்டி இருக்கு. அத நீங்க காணாம ஆக்கித் தரணும், வெள்ளிக்கிழமைக்குள்ள. ஆஸ்பத்திரி மெசேஜ் எல்லாம் இந்த போன்லதான் வருது, நான் வாசிச்சிட்டேன். கேம அன்னிக்கே அழிச்சாச்சு. அம்மைக்கும் அப்பாவுக்கும் அது மட்டும் தெரியவே கூடாது. நான் வெளையாட வந்தாத்தான், அவங்க ரெண்டு பேருக்கும் வீட்டுல இருந்து அழ முடியும்."