சாய்த்துப் பார்த்த பால்

வீட்டுக்காரி பாலைக் காய்ச்சி ஆறவைத்து, அடி உருண்ட மண்சட்டியில் ஊற்றினாள். வீட்டில் மிச்சமிருந்த கடைசிக் கரண்டித் தயிரை அதில் உறை ஊற்றி, மூடிவிட்டுப் போனாள்.

"அக்கா, எனக்கு என்ன ஆகும்?" என்று பால் நடுங்கியது.

"காலையில தயிராயிடுவ. ஆடாம இரு, அது போதும்" என்றது தயிர். "உறை ஊத்தாம விட்டிருந்தா நாளைக்கே கெட்டுப்போயிருப்ப."

பால் கொஞ்ச நேரம்தான் சும்மா இருந்தது. பிறகு சட்டியைக் கூப்பிட்டது.

"அண்ணே, லேசா ஒரு பக்கம் சாயுங்க. உறைஞ்சிருக்கேனான்னு பாத்துக்கிறேன்."

சட்டிக்கு இளகிய மனசு. சாய்ந்தது. பால் தளும்பியது.

"ஐயோ, இன்னும் தண்ணியாவே இருக்கேனே!"

"இப்பத்தான் ஓரமாப் பிடிக்க ஆரம்பிச்சேன், கலைச்சிட்டியே!" என்று தயிர் பதறியது. "இந்த வீட்டுல உறைக்கு வேற தயிர் இல்ல. என்னை நம்பித்தான் ஊத்தியிருக்காங்க."

"சரிக்கா, இனிமே பாக்கல."

ஆனால் பயம் விடவில்லை. மறுபடி சாயச் சொன்னது. மறுபடியும். பயம் கூடக்கூடச் சட்டியும் அடிக்கடி சாய்ந்தது. தயிரின் குரல் மெல்லத் தேய்ந்து, கடைசியில் கேட்கவே இல்லை.

விடிந்ததும் வீட்டுக்காரி மூடியைத் திறந்தாள். புளித்த நீரில் திட்டுத்திட்டாக ஏதோ மிதந்தது. முகத்தைச் சுளித்தபடி சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தாள்.

போகிற வழியில் பால் சட்டியிடம் சொன்னது: "பாத்தீங்களா அண்ணே, நான்தான் அப்பவே பயந்தேனே!"