ராஜினாமாக் கடிதம்

ஓசூர் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கும் சுடலைமுத்துவுக்குப் பழைய டைப்ரைட்டர்களை வாங்கிச் சரிசெய்வதில் பைத்தியம். சூளகிரி பழைய இரும்புக் கடையில் கிடைத்த தமிழ் டைப்ரைட்டரை மண்ணெண்ணெயில் துடைத்து, புது ரிப்பன் மாட்டியதும், முதல் வேலையாகத் தன் ராஜினாமாக் கடிதத்தை அடித்தான். திருநெல்வேலிக்கே திரும்பிவிடுவதென்று மனைவி சரஸ்வதியோடு பேசி முடித்திருந்தான்.

சரஸ்வதி தாளை வாங்கிப் படித்தாள். “வேலையை விடுதேன்னு சொல்லிட்டு, தொடர்ந்து வேலை செய்யச் சம்மதம்னு அடிச்சிருக்கிய?”

அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்க, மறுபடி அடித்தான். தாளில் அதே சம்மதம்தான் இருந்தது. நாலாவது தடவையோடு எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, ராஜினாமாவைப் பேனாவால் எழுதி, மறுநாள் காலை ஆபீசில் கொடுத்தான்.

ஆபீஸ் கிளார்க் ஃபிர்தௌஸ் அதைப் படித்துவிட்டு அவனுடைய ஃபைலை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். “என்னங்கண்ணா இது? தொடர்ந்து இருக்கறேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே.”

ஃபைலில் வருஷத்துக்கு ஒன்றாக, டைப் அடித்த சம்மதக் கடிதங்கள். ஒவ்வொன்றின் கீழும் அவன் கையெழுத்து. அவன் புரட்டிக்கொண்டே போனான். 2061-ஆம் வருஷத்துக் கடிதத்தில் அந்தக் கையெழுத்து நடுங்க ஆரம்பித்திருந்தது. அதற்கு அப்புறமும் பாதி ஃபைல் இருந்தது.