வெயில் நாளில் விசில்

விசில் சத்தம் கேட்டதும் அச்சகக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெளியே சுள்ளென்று வெயில். மெஷினில் நோட்டீஸ்கள் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தன. சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டிய வேலை.

"ஆரம்பிச்சிட்டாங்கய்யா. இந்தம்மாவுக்குப் பொழுது போகலைன்னா நம்ம தெருவுக்கு வெள்ளம்."

"புலம்பாம இங்க் டப்பாவை எடுங்க" என்றாள் மனைவி. அவள் அதற்குள் கம்ப்யூட்டர் வயர்களைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.

விசில் மேடம், சின்னக் கடைக்காரர்களைப் பேரிடருக்குத் தயார்படுத்தும் அமைப்பிலிருந்து வருபவர். நிஜப் பெயர் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. மாதத்துக்கு ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து விசில் ஊதுவார். ஊதினால் மெயினை அணைத்துவிட்டு, கையில் அகப்பட்ட முக்கியமான சாமானோடு எல்லாரும் முனைக் கட்டடத்து மொட்டை மாடிக்கு ஏறிவிட வேண்டும். அவர் ஓரமாக நின்று ஸ்டாப்வாட்சும் கையுமாகக் கிண்டலடிப்பார். ஒரு நூல்கண்டைக்கூடத் தொட மாட்டார்.

ஒத்திகைக்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு மழைக்காலத்தில், ஊருக்கு மேலே உள்ள ஏரியின் மதகைத் திறக்கப்போவதாக மைக்கில் அறிவித்தார்கள். அவ்வளவுதான், தெருவே தலைதெறிக்க ஓடியது. வண்டிகள் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கிக்கொண்டன. விழுந்தவர்கள்மேல் ஏறி மிதித்துக்கொண்டு போனார்கள். சலவைக் கடைக்காரரின் கால் முறிந்தது அப்போதுதான். தண்ணீர் அதற்கப்புறம் சாவகாசமாக வந்தது. அன்றிலிருந்து சலவைக் கடைக்காரர் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பாக நடப்பார். தெரு அவருக்குக் 'கஞ்சி அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டது.

அச்சகக்காரர் மெஷினை நிறுத்தவில்லை. மேடம் கடைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"மேடம், இந்த ஒரு தடவை என்னை விட்டுடுங்க. அடுத்த மாசம் சேர்த்து ஓடிடறேன்."

"ஓட வேண்டாம் சார், நடந்தா போதும். மெஷினை நிறுத்துங்க."

"சாயங்காலம் பார்ட்டி வந்து என் கழுத்தைப் பிடிப்பாரு."

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

சொன்னதோடு நிற்காமல் மேடமே போய் மெயினை இறக்கினார். மெஷின் ஒரு முனகலோடு அடங்கியது. அச்சகக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவர் வாயைத் திறப்பதற்குள், மேடம் குனிந்து ஒரு காகிதக் கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"வாங்க சார். திட்டறதைப் படியேறிக்கிட்டே திட்டுங்க."

மனைவி களுக்கென்று சிரித்துவிட்டாள். அதற்குமேல் கோபத்தைக் கட்டிக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. இங்க் டப்பாக்களை இரண்டு கையிலும் கோத்துக்கொண்டு கிளம்பினார்.

தெருவில் கஞ்சி அண்ணன் துணி மூட்டையோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார். "என்ன பிரஸ்ஸு, இன்னிக்கும் நீதான் கடைசியா?"

"என் சாமானோட வெயிட்டு என்ன, உன்னோடது என்ன? நீ பஞ்சைத் தூக்கிட்டுப் போற."

"மழையெல்லாம் மலையிலயே கொட்டுது. இங்க வேர்வையிலதான் வெள்ளம்" என்று மூச்சு வாங்கினார் கஞ்சி அண்ணன். படிக்கட்டில் பாதியில் அவருடைய கால் மடங்க மறுத்தது. முந்திக்கொண்டு போக அருமையான சந்தர்ப்பம். அச்சகக்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு டப்பாக்களை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"மேடம், இவரையும் சரக்குக் கணக்கில சேர்த்துக்கோங்க. எனக்கு ரெண்டு மார்க் கூட வேணும்."

"போட்டுக்கறேன் சார். நிக்காம ஏறுங்க."

மாடியில் ஒரே கலகலப்பு. தையல் மெஷின்களின் தலைகள், பேக்கரியின் மாவு மூட்டைகள், வாடிக்கையாளர்களின் சட்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. யார் முதலில் ஏறியது என்று பெரிய வழக்கே நடந்தது. அச்சகக்காரருக்குத் திடீரென்று நோட்டீஸ் கட்டு நினைவுக்கு வந்தது.

"அடடா, அடிச்சு வச்சதை மேஜையிலயே விட்டுட்டேன். ஒரு நிமிஷத்துல போய் எடுத்துட்டு வந்துடறேன்."

மேடம் படி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "வேண்டாம் சார்."

"ஒத்திகைன்னாலும் ஒரு நியாயம் வேணாமா மேடம்?"

"என்மேல எவ்வளவு வேணாலும் கோபப்படுங்க. கீழ மட்டும் போகாதீங்க."

கடைக்கு ஒருவராகப் பெயர் கூப்பிட்டு அவர் தலைகளை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி எண்ணினார்.

"யாருக்கு மேடம் முதல் பரிசு?" என்றார் கஞ்சி அண்ணன்.

"எல்லாருக்கும்தான் அண்ணே."

அச்சகக்காரரின் மனைவி மேடத்தைப் பார்த்தாள். முதுகு முழுக்க வேர்வையில் நனைந்து சட்டை ஒட்டிப்போயிருந்தது. "முதல்ல தண்ணியைக் குடிங்க மேடம். இதுக்குப் போய் இப்படியா அலைவாங்க?" என்று பாட்டிலை நீட்டினாள்.

மேடம் பாட்டிலை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. கைப்பிடிச் சுவர் ஓரமாக நகர்ந்து போய், கைபேசியைக் காதில் வைத்து மெதுவாகச் சொன்னார்:

"தெரு காலி சார். மதகைத் திறந்துடுங்க."