ஷேடு பார்ப்பவள்

மகன் தரணீஷின் உள்ளங்கை மஞ்சளாக இருந்ததைக் கண்டதும், தன் கைச் சாயம்தான் ஒட்டிக்கொண்டது என்று கனகமணி சோப்புப் போட்டுத் தேய்த்தாள். சாயப்பட்டறையில் துணியின் நிறம் சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்று ஷேடு பார்ப்பவள் அவள். மஞ்சள் போகவில்லை, கண்ணிலும் ஏறியது. பிறகு காமாலை தானாக இறங்கியது. ஆனால் அதோடு நிற்காமல் தரணீஷ் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனான்.

"ஈரலுக்கு வந்த கிருமி போயிருச்சும்மா. போறப்போ எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற ஊத்த அடைச்சுட்டுப் போயிருச்சு. எங்கயோ ஒரு கொழந்தைக்குத்தான் இப்படி ஆகும்," என்றார் டாக்டர்.

அக்கா மௌனிகாவின் எலும்பு மஜ்ஜை அவனுக்குப் பொருந்தியது. அதை எடுத்து ஒரு பையில் தொங்கவிட்டு, தம்பியின் நரம்பில் சொட்டவிட்டார்கள். பட்டறையில் ஒரு பனியனுக்குச் சாயம் ஏற்றக்கூட அது காணாது.

வாரங்கள் கழித்து ஒரு காலையில், கிருமி அண்டாத கண்ணாடி அறைக்குள் கனகமணி வழக்கம்போல மகனின் நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தாள். எப்போதும் வெள்ளையாகவே கிடக்கும் நகத்தின் அடியில் ஏதோ ஒரு நிறம் மெல்ல ஊர்ந்து வந்தது. நிறம் பார்க்க டியூப்லைட்டை அவள் தொழிலில் யாரும் நம்புவதில்லை. கட்டிலை ஜன்னலோரம் இழுத்தாள். வெளியே வெயிலில் மௌனிகா நின்றிருந்தாள்.

"கண்ணு, வெரலக் கண்ணாடில வை."

"எதுக்கும்மா?"

"நீதான் சாமி சாம்பிளு."

மௌனிகா வைத்தாள். அதற்கு நேராக இந்தப் பக்கம் தம்பியின் விரலைப் பிடித்து, கனகமணி குனிந்து பார்த்தாள். பட்டறையில் ஒரே பார்வையில் 'பாஸ்' சொல்லிவிடுபவள், மகனின் நகத்தை மறுபடி மறுபடி அழுத்தி, அக்காவின் அதே ரோஸ் ஊறி வருவதைப் பார்த்தாள்.